அடுத்தவருக்கு ஒரு வாளி

அடுப்பை அணைத்து நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆன பின்னும், மூன்றாம் மாடி வீட்டின் பாய்லரில் இருந்த தண்ணீர் ஐம்பத்தாறு டிகிரியிலேயே இருந்தது. அளந்தவன் அந்த வீட்டுக்காரன்தான். எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்த்து முத்திரை வைக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அளவில் தவறு இருக்க வாய்ப்பில்லை. அலுவலகத்து வெப்பமானியைக் கோடையில் ஒரு முறையும் குளிரில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் வீட்டுக்குக் கொண்டு வந்தான். மூன்று முறையும் அதே எண். அந்தக் கட்டடத்தில் அவனுக்கு எடைக்கல் என்று பெயர். வேலையால் வந்த பெயர் பாதி. ஓர் இடத்தில் வைத்தால் அங்கேயே இருப்பான் என்பதால் மீதி.

அது சுவரில் மாட்டும் வகை அல்ல. கீழே கரி போட்டு ஊதும் வகையும் அல்ல. காஸ் அடுப்பின் மேலேயே தூக்கி வைக்கும் செம்பு பாய்லர். தட்டையான அடி, இரண்டு கைப்பிடிகள், பன்னிரண்டு லிட்டர், அதாவது ஒரு வாளி, கொள்ளும் வயிறு. மேலே ஒரு புனல் உண்டு, அதன் குழாய் உள்ளே அடிவரை போகிறது. எதிர்ப்பக்கம் கழுத்தருகே வளைந்த மூக்கு. புனலில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் அடியில் போய்ச் சேர்ந்து, மேலே இருக்கும் வெந்நீரை மூக்கு வழியாகத் தள்ளும். ஒரு சொம்பு ஊற்றினால் ஒரு சொம்பு வரும். ஊற்றாவிட்டால் ஒரு சொட்டும் வராது. ஆகவே அந்த வீட்டில் யார் குளித்தாலும், தனக்கு முன் குளித்தவர் ஊற்றி வைத்த தண்ணீரில்தான் குளித்தார். தான் ஊற்றியதை அடுத்தவருக்கு விட்டுப் போனார். கல்யாணமான முதல் வாரம் அவன் இது புரியாமல், அடுப்பைப் பற்ற வைத்து, மூக்கின் கீழே வாளியை வைத்து, முக்கால் மணி நேரம் துண்டோடு நின்றான். மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் சொன்னாள். “இதுகிட்ட குடுக்காம எதையும் வாங்க முடியாதுங்க. உங்க அம்மா மாதிரி.”

அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் வேலையில் இருந்தாள். முதல் சம்பளத்தில் பழைய பாத்திரக் கடையிலிருந்து பாய்லரைத் தூக்கி வந்தவள் அவள்தான். தினமும் முதலில் குளிப்பாள். குளித்ததும் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் சொம்பைக் கவிழ்த்து வைப்பாள். அவனோ வாளியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு வருவான். அதில் சோப்பு நுரை மிதக்கும். ஐந்து ஆண்டுகளில் அவர்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி இந்த வாளியைப் பற்றியவை.

கடைசி நாள் அவனுக்கு விடுமுறை. அவள் குளித்து, அவனுக்காக ஒரு வாளி ஊற்றி, சூடாக்கி, அடுப்பை அணைத்து, செருப்பு மாட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள். “உங்களுக்குத் தண்ணி போட்டாச்சு. எந்திரிச்சுக் குளிங்க, ஆறிடப் போகுது.” அவன் போர்வைக்குள்ளிருந்து “ஆறட்டும்” என்றான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கடைசி நிறுத்தத்தில் பேருந்து காலியான பிறகும் ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. நடத்துநர் தூக்கம் என்று நினைத்து இரண்டு முறை கூப்பிட்டார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவளுக்கு முப்பத்தொன்று.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, பதினோராம் நாள், மச்சினி தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். பாய்லரை நகர்த்தக் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். இதற்கு யார் அடுப்புப் பற்ற வைத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை. இரண்டு பேரும் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் பக்கத்து பர்னரில் தேநீர் போட்டாள். அன்று முதல் அந்த வீட்டில் சமையல் ஒற்றை பர்னரில்தான் நடந்தது.

முதல் ஆண்டு கட்டடத்தார் அனைவரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். காஸ் ஆள் வந்து குழாயைக் கழற்றி, காஸ் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துப் போனார். எதிர்வீட்டுக் கல்லூரி விரிவுரையாளர் செம்பின் இயல்பு பற்றி அரை மணி நேரம் பேசினார். பேசும்போது கையை அதன் மேலேயே வைத்திருந்தார், குளிர்காலம். பிள்ளைகளின் ஈரக் காலுறைகள் அதன் தோளில் காய்ந்தன. தண்ணீரில் விழுந்த கைபேசிகள் நான்கை வைத்து எடுத்தார்கள், இரண்டு பிழைத்தன. இரண்டாம் ஆண்டு விருந்தாளி வந்தால் மட்டும் கூட்டி வந்து காட்டினார்கள். மூன்றாம் ஆண்டு யாரும் வரவில்லை. அதற்குள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி கூடியிருந்தது, எல்லோரும் அங்கே போனார்கள்.

அவன் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. அவள் கையால் ஊற்றிய ஒரு வாளி. புனலில் ஒரு சொம்பு ஊற்றினால் அதில் ஒரு சொம்பு போய்விடும். கணக்கு அவ்வளவுதான். பச்சைத் தண்ணீரில் குளித்தான். தண்ணீர்த் தொட்டிப் பொறுப்பு கட்டடச் செயலாளரிடம் இருந்தது. தலைக்கு இரண்டு வாளி வீதம் ஒவ்வொரு வீட்டுப் பீப்பாயிலும் நிரப்புவார். பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே இருந்த இரண்டு என்ற எண்ணை அடித்து ஒன்று என்று எழுதியபோது, மன்னிப்புக் கேட்பது போல ஒரு தடவை இருமினார். அந்த ஒரு தலைக்கான இரண்டு வாளியில் ஒன்று சமையலுக்கு, ஒன்று குளிக்க. அவன் சமைத்ததையும் அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்படியில் நாற்காலி போட்டு பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வீட்டில் சூடாக இருந்த பொருள் அது ஒன்றுதான். மாதம் ஒரு முறை வரும் மச்சினி அவனை இந்த நாற்காலியில்தான் பார்த்தாள்.

“ஏன் மாமா, வீட்ல வெந்நீரை வெச்சுக்கிட்டு பச்சத் தண்ணில குளிக்கிறீங்க? நீங்க தும்முறது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேக்குது.”

“பழகிடுச்சு.”

“எது, தும்மலா?”

அவள் அக்காவின் சோப்பை எடுத்து முகர்ந்து, திரும்ப மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். சோப்பு வெடித்துப் போயிருந்தது.

ஐந்தாம் ஆண்டுக் குளிரில் பாய்லரின் அடி மூட்டு கசிந்தது. நாற்பது விநாடிக்கு ஒரு சொட்டு. அவன் பர்னரைக் கழற்றிவிட்டு அந்தக் குழியில் கிண்ணம் வைத்தான். ஒரு நாளைக்கு நூற்றெட்டு மில்லி சேர்ந்தது. பன்னிரண்டு லிட்டர் தீர நூற்றுப் பதினோரு நாள் என்று அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதினான். வெளியே வந்த சொட்டு உடனே ஆறிப்போனது. எல்லாத் தண்ணீரையும் போலத்தான் இருந்தது. ஒரு முறை கிண்ணத்தைத் திரும்பப் புனலில் ஊற்றிப் பார்த்தான். வெப்பமானி அரை டிகிரி இறங்கியது, ஏறவே இல்லை. அதன்பிறகு கசிந்ததைப் பாட்டில்களில் பிடித்து, தேதி எழுதி, அலமாரியில் வரிசையாக வைத்தான். முப்பத்தெட்டாம் நாள் நான்காவது பாட்டில் நிறைந்தது. அன்று காலை சொட்டு பத்து விநாடிக்கு ஒன்றாகியிருந்தது. அவன் நூற்றுப் பதினொன்றை அடித்துப் பதினெட்டு என்று எழுதினான். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஓட்டைப் பாத்திரங்களை ஈயத்தால் பற்ற வைப்பவரை அழைத்து வந்தான்.

பற்ற வைப்பவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, பாய்லரை விரலால் மேலிருந்து கீழாகத் தட்டி, தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் காதாலேயே கண்டுபிடித்தார்.

“இப்பத்தான் இறக்குனீங்களா சார்? சுடுதே.”

“நாலு வருஷம் ஆச்சு.”

“இருக்கட்டும்.” அவர் வேலையில் பலவற்றைப் பார்த்தவர். “கவுத்துக் காலி பண்ணிக் குடுங்க. உள்ள ஈரம் இருந்தா ஈயம் புடிக்காது. உருண்டு ஓடிரும்.”

“காலி பண்ணக் கூடாது.”

“அப்ப நான் எதுக்கு சார் மூணு மாடி ஏறி வந்தேன்?”

“தண்ணி உள்ள இருக்கும்போதே ஏதாவது பண்ண முடியாதா?”

“முடியும். வேடிக்கை பாக்கலாம். ரெண்டு வாரத்துல தானா காலியாயிடும்.” அவர் குந்தி உட்கார்ந்து, சுவரில் எழுதியிருந்த பதினெட்டைப் பார்த்தார். அலமாரியில் தேதி போட்ட பாட்டில்களைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டார். “யாரு ஊத்துன தண்ணி சார் இது?”

“என் வீட்டுக்காரி.”

“யாருக்கு ஊத்துனாங்க?”

“எனக்கு. குளிக்கச் சொல்லிட்டுப் போனா.”

“அப்ப குளிக்க வேண்டியதுதானே?” பற்ற வைப்பவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். “நாலு வருஷமா ஒரு மனுஷிய அடுப்படியில காக்க வெச்சிருக்கீங்க. போங்க சார். நான் கீழ போய் ஒரு பீடி குடிச்சிட்டு வரேன். வரும்போது நீங்க ஈரத் தலையோட இருக்கணும்.”

இருவரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து பாய்லரைச் சாய்த்தார்கள். மூக்கு வழியாக வெந்நீர் வாளியில் இறங்கியது. மூக்குக்கு எட்டாத அடித் தண்ணீர் புனல் வழியாக வந்தது. கடைசிச் சொட்டுக்காகப் பற்ற வைப்பவர் அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். வாளியில் ஆவி எழுந்தது. அப்படியே ஊற்றிக்கொள்ள முடியாத சூடு. விளாவ வேண்டும். மனைவி எத்தனை சொம்பு பச்சைத் தண்ணீர் சேர்ப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. ஊரில் உள்ள எல்லாத் தராசின் பிழையும் தெரிந்தவனுக்கு இந்த அளவு தெரியவில்லை. பீப்பாய் பக்கம் போனவன் பாதியில் நின்று, அலமாரியிலிருந்து நான்கு பாட்டில்களையும் எடுத்து வந்தான். தேதி வரிசைப்படி ஒவ்வொன்றாக ஊற்றிக் கை வைத்துப் பார்த்தான். நான்காவது பாட்டில் காலியானபோது பதம் சரியாக இருந்தது. குளித்தான். மெதுவாகக் குளித்தான். ஈரத் தலையோடு வெளியே வந்தபோது பற்ற வைப்பவர் இரண்டாவது பீடியையும் முடித்திருந்தார். அவன் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து, சோப்பு பட்டிருக்கும் என்றார். அவன் சோப்புப் போடவில்லை.

அடி மூட்டைப் பற்ற வைத்து, ஊதி, சாம்பலால் தேய்த்துக் கொடுத்துவிட்டு அவர் போனார். குளித்தவன் அடுத்தவருக்கு ஊற்றி வைக்க வேண்டும் என்பதால், மறுநாள் சமையலுக்கு இருந்த வாளியைப் புனலில் ஊற்றினான். பாய்லரைத் தூக்கி அடுப்பில் வைத்தான். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. யாருக்காக என்ற கேள்வி இருந்தது. செம்பு சில்லென்று இருந்தது. அன்று அவன் நாற்காலியை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு மாற்றினான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. வாளி மூலையில் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் சொம்பு கவிழ்ந்திருந்தது. வாசல் கதவின் உள்தாழ் போட்டது போட்டபடி இருந்தது. அவன் அடுப்படிக்குப் போய் பாய்லரில் கை வைத்தான், வெடுக்கென்று எடுத்தான். வெப்பமானி ஐம்பத்தாறு காட்டியது. புனலில் ஒரு வாளி ஊற்றி, வந்ததை விளாவிக் குளித்துவிட்டு அலுவலகம் போனான். அன்று பேருந்தில் தும்மவில்லை. அதற்கு அடுத்த நாளும் தரை ஈரம். சீக்கிரம் எழுந்து பார்த்த நாட்களில் தரை அதற்கு முன்பே ஈரமாக இருந்தது. ஒரு வாரம் முயன்றுவிட்டு விட்டுவிட்டான். இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களிலும் அவள் குளித்து முடிப்பதை அவன் பார்த்ததில்லை; தூங்கிக்கொண்டிருப்பான்.

மச்சினி அந்த மாதம் வந்தபோது கை கழுவக் குளியலறைக்குப் போனாள். திரும்பி வர நேரமானது.

“வாளியக் கவுத்து வைக்க எப்ப மாமா கத்துக்கிட்டீங்க?”

“நான் இல்ல.”

அவள் மாடத்தைப் பார்த்தாள். வெடித்த சோப்பு பாதியாகக் கரைந்து, ஓரங்கள் வழவழவென்று இருந்தது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். “சோப்பு தீரப் போகுது. அவளுக்கு இதேதான் வேணும், வேற வாங்கிட்டு வந்து நிக்காதீங்க” என்றாள். பிறகு தேநீர் போட்டாள். அதே சோப்பு மூன்று கடைகளில் இல்லை, நான்காவதில் இருந்தது.

தண்ணீர் போதவில்லை. குளிக்க இரண்டு வாளி போய்விட, அவன் பத்து நாள் சமையலை எதிர்வீட்டுத் தண்ணீரில் ஓட்டினான். பதினோராம் நாள் செயலாளரிடம் போய், பட்டியலில் தன் வீட்டுக்கு இரண்டு தலை என்று எழுதச் சொன்னான்.

“புதுசா யாரு வந்திருக்கா?”

“புதுசா யாரும் இல்ல. முன்ன இருந்தவங்கதான்.”

செயலாளர் அவன் தலையைப் பார்த்தார். ஈரம் இன்னும் காயவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூன்றாம் மாடிக்கு நேரே இருந்த ஒன்றை அடித்தார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு, இரண்டு என்று எழுதி, இன்று யாருடைய பீப்பாயை முதலில் நிரப்புவது என்று பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டார்.