கவிழ்த்து வைத்த மங்குகள்

காய்ச்சல் விட்டுவிட்டது என்று மகன் தனேஷ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணிச் சொன்னதும் பத்துமலைக்குப் பயம் கூடியது. வேறு காய்ச்சலாக இருந்தால் சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தியிருப்பார். இது டெங்கி. டெங்கியில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டமே இருக்கிறது. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இது தெரியாத வீடு கிடையாது. அவருடைய வீட்டு வரிசையிலேயே போன வருடம் நான்கு பேர் படுத்தார்கள், மூன்று பேர்தான் எழுந்தார்கள்.

இப்போது படுத்திருப்பது அவர் மருமகள் கிருஷாந்தி. வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

பிளேட்லட் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டதாம். இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றாராம் டாக்டர். பிள்ளைக்குத் துடிப்பு இருக்கிறது என்றான் தனேஷ். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவ ஒரு மாசமா வெளிய எங்கயும் போகல, க்ளினிக் போனதோட சரி. கொசு நம்ம வீட்டுலதான் இருக்குப்பா. நல்லாப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பார்க்கத்தானே பயமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம், எதுவும் கண்ணில் படாமல் போய்விட்டால் அதைவிடப் பயம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிருஷாந்திக்கு முதல் பிள்ளை நாலாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் குகைக்கோயில் படி ஏறியிருந்தாள். படிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கேட்டால்தானே? நான்தான் ஏறினேன், நான்தான் கொன்றேன் என்று ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா தம்பிமுத்து, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், யாழ்ப்பாணத்துப் பரம்பரை, லேசில் கலங்காத மனிதர், தைப்பிங்கிலிருந்து வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்று அழுதார். அவள் மறுபடி சோற்றைப் பிசைந்து சாப்பிட எத்தனை மாதம் ஆயிற்று என்பது பத்துமலைக்குத்தான் தெரியும். பெண்டாட்டி போன பிறகு அந்த வீட்டில் சமைப்பவர் அவர்தான்.

அப்படிப்பட்டவள் மறுபடி முழுகாமல் இருக்கும்போது வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே ஒரு ஹொஸ்தா பாத்தி.

ஹொஸ்தா என்றால் குளிர்நாட்டுச் செடி. பூ பெரிதாக ஒன்றும் கிடையாது, இலைதான் அழகு. இங்கிலாந்தில் இருக்கும் அவளுடைய அக்கா தோட்டத்தில் அது தாம்பாளம் அகலத்துக்கு இலை விரித்து நிற்கும் படத்தைப் போனில் அனுப்பப்போக, இவளுக்கும் ஆசை வந்துவிட்டது. ஈப்போ வெக்கையில் அது எங்கே பிழைக்கும்? நர்சரிக்காரர் சீனியே கேமரன் மலையிலிருந்து வந்த மூன்று தொட்டிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, இது கீழே வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள் என்றார். ஆனால் பத்துமலை வீடு வரிசையின் கடைசி வீடு. மூன்று மணிக்கெல்லாம் சுண்ணாம்புமலையின் நிழல் அந்த ஜன்னலில் விழுந்துவிடும். அந்த நிழலை நம்பித்தான் துணிந்தார்கள்.

துணைச் செடி இல்லாமல் ஹொஸ்தாவை விட்டால் மண் காய்ந்துவிடும் என்றார் சீனி. பெரணி வைக்கலாம் என்றதும் பக்கத்து வீட்டு மாரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, பெரணிக்குள் பாம்பு படுக்கும், பிள்ளைத்தாச்சி ஜன்னலுக்கடியில் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். சேம்பு இனம் அரிக்கும். கடைசியில் இரண்டு பீஸ் லில்லி, கொசுவுக்கு ஆகாது என்று பத்துமலை ஓரத்தில் ஊன்றிய செரே என்ற எலுமிச்சைப்புல், அப்புறம் கிருஷாந்தியே தேர்ந்தெடுத்த மூன்று பூ அன்னாசி. அன்னாசி மாதிரியே இலை, நடுவில் ரத்தச் சிவப்பாகக் கிண்ணம் போல் ஒரு குருத்து. இதற்கு வேரில் ஊற்ற வேண்டாம், நடுக்குருத்தில் ஊற்றினால் ஒரு வாரம் நிற்கும், அதுவே குடித்துக்கொள்ளும் என்று சீனி பெருமையாகச் சொன்னார். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

பாத்திக்கு ஓரம் கட்டுவதில் ஒரு வாரம் பேச்சு. பீர் போத்தலைத் தலைகீழாக நட்டால் ஜோராக இருக்கும் என்றான் தனேஷ். அவள் முகம் சுளித்தாள். செங்கல் அவளுக்குக் காய்ந்த மாதிரி பட்டது. அப்போதுதான் பத்துமலை ஸ்டோரில் கிடந்த சாக்கை இழுத்துவந்து அவிழ்த்தார். பால்மரத்தில் ரப்பர் பால் பிடிக்கக் கட்டும் மங்கு, பழைய சுட்டமண் கிண்ணம், எழுபத்தொன்று இருந்தது. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் அவர் வேலை செய்த எஸ்டேட்டை விற்று மரத்தைச் சாய்த்த நாளில் அள்ளிக்கொண்டு வந்தவை. அவள் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்து, கண் விரிய, இதுதான் மாமா என்றாள்.

மங்கை மல்லாத்தி வைத்து உள்ளே சின்னச் செடி வைக்கலாமா என்று கேட்டாள். பத்துமலை எதற்கும் முடியாது என்று சொல்லாத ஆள். அதற்கு மட்டும் முடியாது என்றார். இருபத்திரண்டு வருடம் மரம் சீவியவர் அவர். பால் எடுத்ததும் மங்கைக் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். மழைத்தண்ணீர் நின்றால் மறுநாள் பால் கெடும், கொசு பெருகும். மேற்பார்வை மண்டோர் பின்னாலேயே வந்து மரம் மரமாகப் பார்ப்பார். மற்றவர்களெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பத்துமலையின் நிரையில் ஒரு மங்கு மல்லாந்து கிடந்ததாக ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. பெரிய படிப்போ பதவியோ இல்லாத மனிதருக்கு இருந்த பெருமை அதுதான். ஆகவே அறுபத்துநாலு மங்கையும் கவிழ்த்து, விளிம்பு மண்ணில் புதைய, வரிசை பிசகாமல் பதித்தார். மிச்சம் ஏழையும் பைப்படிப் பலகையில் கவிழ்த்து வைத்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்குத்தான் இடம், தனேஷ் இருக்கிறான். பத்துமலை வீட்டில் தனியாக, காலை எட்டு மணிக்குத் தேடத் தொடங்கினார். தொட்டித் தட்டுகளைப் புரட்டினார். ஏணி போட்டுக் கூரைத் தகர வாய்க்காலைத் தடவினார். பின்பக்கச் சாக்கடை, துணி துவைக்கும் வாளி, பைப்படியில் கவிழ்ந்தே கிடந்த அந்த ஏழு மங்கு, எதிலும் ஈரமில்லை. ஒவ்வொரு இடமும் இல்லை இல்லை என்று ஆக ஆக, மிச்சமிருக்கும் ஒரே இடத்தை நோக்கித் தான் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

பூ அன்னாசியின் குருத்துக்குள் போன் வெளிச்சத்தைக் காட்டினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் அது முழுக்க நெளிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் சாயங்காலம் ஒரு கை வயிற்றில், ஒரு கையில் ரோஸ் கலர் குவளை, கிருஷாந்தி குனிந்து ஒவ்வொரு குருத்திலும் ஊற்றுவாள். ஒருநாள் அவர், “தண்ணி நிக்குதேம்மா” என்றார். அது அப்படித்தான் மாமா குடிக்கும் என்று அவள் சிரித்தாள். இரண்டு வருடம் கழித்து அந்த முகத்தில் வந்த சிரிப்பு. அதைக் கெடுக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டார். மங்குக்கு முடியாது என்று சொல்லத் தெரிந்த மனிதருக்கு இதற்குச் சொல்லத் தெரியவில்லை, பாருங்கள். கவிழ்க்க முடியாத மங்கு ஒன்று அவர் கண்ணெதிரே நாளெல்லாம் நிறைந்து நின்றது, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால்? அவளும் பிள்ளையும் பிழைத்து வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி, அவள் மனதில் நிற்பது இதுவாகத்தான் இருக்கும். படி ஏறினதற்கே ஒரு வருடம் சுவரைப் பார்த்தவள்.

மூன்று செடியையும் பிடுங்கிக் கவிழ்த்தார். சிமெண்டுத் தரையில் கொட்டிய தண்ணீரில் புழுக்கள் துள்ளி வெயிலில் அடங்கும்வரை நின்று பார்த்தார். பிடுங்கியதை எறிந்தால் ஏன் எறிந்தீர்கள் என்று கேட்பாள். அதனால் குருத்துக்குள் ஆற்றுமணலை அடைத்து, மூன்றையும் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து நட்டார். இனிமேல் சொட்டு நிற்காது.

மத்தியானம் மாரியம்மா ஒரு போத்தலில் பச்சையாக எதையோ கொண்டுவந்தாள். பப்பாளி இலைச் சாறு, பிளேட்லட் ஏறும், அவள் தங்கச்சி மகனுக்கு ஒரே நாளில் ஏறிற்றாம். பிள்ளைத்தாச்சிக்குப் பப்பாளியா என்று கேட்க நினைத்தார், அவள் கண் கலங்கியிருந்ததால் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தப் போத்தலோடு அரைமணி நேரம் நின்றார். கொடுத்தால் பிள்ளை போய்விடுமோ, கொடுக்காவிட்டால் தாய் போய்விடுவாளோ. கடைசியில் கழிவறைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டார். ஊற்றிய நிமிடத்திலிருந்து அதுவும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது கிருஷாந்தி கண்மூடிக் கிடந்தாள், முழங்கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கருநீலம்.

அன்று இருபத்தொன்பதாயிரம். மறுநாள் காலை இருபத்திரண்டு. தனேஷ் எண்ணைச் சொல்வான், இவர் உம் என்பார், இருவரும் வைத்துவிடுவார்கள். பத்துமலைக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் மூன்று தடவை மணியடிக்க விட்டுத்தான் எடுத்தார், அது அடிக்கிற நேரமாவது அவள் உயிரோடு இருக்கட்டும் என்று.

நாலாம் நாள் எண் ஏறியது. நாற்பத்தொன்று. ஆபத்து தாண்டியது என்று டாக்டர் சொன்னதைத் தனேஷ் இரண்டு தடவை சொன்னான். அன்று சாயங்காலம் இவரையும் உள்ளே விட்டார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், அரை ஆளாகக் கிடந்தாள். தனேஷ் ஒரு பக்கம் தண்ணீர்க் குவளையோடு நின்றான்.

அவள் நலம் விசாரிக்கவே விடவில்லை.

“மாமா, பாத்தியில பாத்தீங்களா?”

“பாத்தேன்மா.”

“அந்தச் செவப்புப் பூவுலயா? நான் ஊத்துன தண்ணியிலயா?” கை வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. “உண்மைய சொல்லுங்க மாமா. நாந்தானா?”

பத்துமலை அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“அதுல ஒண்ணுமே இல்லம்மா. மிச்ச மங்கு ஏழு இருந்துச்சுல்ல, பைப்படியில. மல்லாத்திப் போட்டுட்டு மறந்துட்டேன். மழைத்தண்ணி நின்னு அதுலதான் புழு நெளிஞ்சிச்சு. என் தப்புதான்மா.”

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு வயிற்றின் மேலிருந்த கை மெல்லத் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். தனேஷ் குவளையை மேசையில் வைத்தான்.

“இருபத்திரெண்டு வருசம் மரம் சீவுனீங்களேப்பா. மங்கக் கவுத்து வைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

இருபத்திரண்டு வருடத்தில் எந்த மண்டோரும் அவரிடம் கேட்காத கேள்வி.

அடுத்த வாரம் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அவள் படுத்ததும் தனேஷ் சாக்கை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனான். ஒரு மங்குகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாதாம். பத்துமலை எதிர்முனையில் குந்தி, தாம் பதித்தவற்றைத் தாமே பெயர்க்கத் தொடங்கினார். ஹொஸ்தா மூன்றில் ஒன்று அழுகியிருந்தது, மற்ற இரண்டும் எப்படியோ நின்றன. மங்கைத் தூக்கத் தூக்க அடியில் மண் பொடியாக உலர்ந்து கிடந்தது.

தனேஷ் எழுந்து பைப்படிக்குப் போனான். அந்த ஏழை எடுக்கப் போகிறான் என்பது பத்துமலைக்குச் சட்டென்று உறைத்தது. அதை மட்டும் மறந்துவிட்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குள் அவன் பலகை முன் நின்றான்.

பலகையில் ஏழும் கவிழ்ந்தபடியே இருந்தன. தனேஷ் முதல் மங்கைத் தூக்கினான். உள்ளே மாதக்கணக்கில் கட்டிய சிலந்திவலை, விளிம்பிலிருந்து பலகை வரை ஒட்டி, தூக்கும்போது இழுபட்டு அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. அவன் திரும்பிப் பாத்தியைப் பார்த்தான். சாய்ந்து நின்ற சிவப்புச் செடிகளையும் குருத்துக்குள் அடைத்திருந்த மணலையும் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பத்துமலை மகனிடம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய கண்ணில் இருந்த பயத்தை அவன் அந்த நாலு நாள் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

தனேஷ் ஏழு மங்கையும் தூக்கிக்கொண்டு வந்தான். வலையைச் சட்டையில் துடைத்தான். சாக்கின் அடியில் அவற்றை முதலில் போட்டு, மற்றவற்றை மேலே அடுக்கினான். அப்புறம் அப்பாவுக்குப் பக்கத்திலேயே குந்தி, அடுத்த மங்கைப் பெயர்த்தான்.