ஒயர் இல்லாத அறை

தவுபிக் டிரில்லிங் மெஷினை ஹாலில் இறக்கி வைத்த சத்தம் கேட்டதுமே உள்ளறையிலிருந்து செல்வமணியின் குரல் வந்துவிட்டது.

"ஜாஸ்பின், வந்த ஆளத் திருப்பி அனுப்பு."

ஜாஸ்பின் காதில் விழாதவளைப் போல தவுபிக்குக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். திருத்தங்கலில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவன் அவன். முப்பத்தைந்து வயது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"என்னக்கா, அண்ணாச்சி வரவேற்பு பலமா இருக்கு," என்றான்.

"நீ குடி. நான் பேசிக்கிறேன்."

"பேசுங்க. ஆனா மூணு மணிக்கு நான் சாத்தூர்ல நிக்கணும். அங்கன ஒரு மாமியா, வீடு பூரா நெட் வேணும், மருமக ரூமுக்கு மட்டும் வரக்கூடாதுன்னு கேட்டு உசுர வாங்குது."

வேறு நாளாக இருந்தால் ஜாஸ்பின் சிரித்திருப்பாள். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி இரண்டாவது முறையாக வீடியோவில் வருகிறார். மூன்றாவது முறை கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி சீசனில், செல்வமணி மேஸ்திரியாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற அறை வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் போய்விட்டார்கள். வாசலில் நின்ற செல்வமணி மட்டும் பிழைத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஜாஸ்பினுக்குத்தான் டியூட்டி. ஐந்து ஸ்ட்ரெச்சர்கள் வந்தன. ஐந்தாவதில் கிடப்பது தன் புருஷன் என்று அவளுக்கு வாட்ச்சைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான்கு பேரில் ஒருத்தி பொன்மணி. அவள் செல்போனைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுபோனாள், அதில் கால் வந்தபோது பொறி பறந்துவிட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல உயிரோடு இருப்பது செல்வமணி ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அவர், "ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்று சொல்லிவிட்டார். பொன்மணியின் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். "ஒங்க அம்மாதான ஊரையே வெடிக்க வச்சது," என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்கிறார்களாம். பொன்மணியின் தாயார் வள்ளித்தாய் இதைச் சொல்லிவிட்டு, "ஒங்க வீட்டுக்காரரு சொல்லுவாராம்மா?" என்று கேட்டபோது ஜாஸ்பின் தைரியமாகத் தலையை ஆட்டியிருந்தாள்.

அந்த ஒரு தலையாட்டலுக்காக அவள் எம்புட்டோ அலைந்துவிட்டாள். செல்வமணியால் பஸ்ஸில் உட்கார்ந்து விசாரணைக்கு விருதுநகர் வரைக்கும் போக முடியாது என்று டாக்டரிடம் சான்று வாங்கினாள். வீடியோவில் கேட்கச் சம்மதம் வாங்கினாள். தம்பியிடம் லேப்டாப் வாங்கி வந்தாள். சாட்சி சொல்லும்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், முதல் தடவை, கதவைச் சாத்திவிட்டு ஹாலில் காத்திருந்தாள். பேர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். பதினொன்றேகாலுக்கு எல்லாம் நின்றுபோனது. உள்ளே ஓடி என்னென்னமோ தட்டிப் பார்த்தாள். படம் திரும்பி வரவே இல்லை.

அன்று மாலையே, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடும் வக்கீல் காசிராஜன் கூப்பிட்டார்.

"அடுத்த தடவையும் கட் ஆச்சுன்னா, கம்பெனி எழுதிக் குடுத்தத வச்சே முடிச்சிருவாகம்மா. அப்புறம் நம்ம கத்தி பிரயோஜனம் இல்ல."

இந்த வைஃபையை நம்பியது போதும் என்று ஜாஸ்பின் அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஹாலில் இருக்கிற ரௌட்டரிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பிலேயே சொருகிவிட வேண்டும்.

ஆனால் ஒயர் போக வேண்டியது செல்வமணியின் அறைக்குள்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து இருக்கிற அறைக்குள் கரண்ட் ஒயர் வரக்கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பல்பு சன்னலுக்கு வெளியே எரியும், கண்ணாடி வழியாக உள்ளே விழும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றைக்கே செல்வமணி தன் அறையையும் அப்படி மாற்றச் சொன்னார். சுவிட்சைப் பிடுங்கினார்கள். பல்பு வராந்தாவுக்குப் போனது. ஃபேனும் வெளியில்தான், சன்னல் வழியே காற்று வரும். பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். ஜாஸ்பினும் அப்படித்தான் நினைத்தாள். எத்தனையோ தீக்காயக்காரர்களைப் பார்த்தவள். ஒருவர் அடுப்படிப் பக்கமே போகமாட்டார், இன்னொருவர் ஊதுவத்தி வாசனைக்கே நடுங்குவார். இவருக்கு ஒயர்.

அவள் அறைக்குள் போனாள். செல்வமணி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இது கரண்டு ஒயரு இல்லங்க. நெட்டு மட்டும்தான் போகும். தவுபிக்கே சொல்லுதான்."

"எந்த ஒயரும் வேண்டாம்."

"போன தடவ மாதிரி பாதியில நின்னா?"

"நின்னா நிக்கட்டும்."

"பொன்மணி பிள்ளை இருக்கே. அது மூஞ்சிய நான் எப்படிங்க பாக்குறது?"

செல்வமணி சுவர்ப் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

வாசலில் நின்ற தவுபிக் தொண்டையைச் செருமினான். "அக்கா, சுவத்துல ஓட்டை போடுறதுக்கு முன்னாடி சிக்னல ஒரு தடவ பாத்துருவோமே. சும்மா கெடக்குற சுவத்த எதுக்கு நோகடிக்கணும்? அந்த லேப்டாப்ப எடுங்க."

இரண்டு வாரமாகப் பீரோவில் கிடந்த லேப்டாப்பை ஜாஸ்பின் எடுத்து வந்தாள். ஹாலில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, கட்டில் பக்கத்தில் முதல் தடவை வைத்த அதே ஸ்டூலில் வைத்து, தவுபிக் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். தன் செல்போனை எடுத்து அறையின் நான்கு மூலைகளிலும் நடந்து பார்த்தான்.

"இந்த ரூம்ல சிக்னல் பிரமாதமா இருக்கு. ஒயரே தேவையில்ல."

"அப்புறம் அன்னிக்கு ஏன் கட் ஆச்சு?"

அவன் திரையின் கீழ் மூலையைக் காட்டினான். குட்டியாக ஒரு விமானப் படம்.

"இது ஏரோப்ளேன் மோடு. கீபோர்டு மேல் வரிசையில இந்தா இந்த பட்டன அமுக்குனா நெட்டு மொத்தமா அணைஞ்சிரும். அன்னையிலருந்து அப்படியே கெடக்கு. யாராச்சும் அமுக்குனாத்தான் உண்டு."

ஜாஸ்பினுக்கு ஒரு விநாடி ஒன்றும் ஓடவில்லை. அடுத்த விநாடி எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் வேற்று ஆள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"நான்தான் தம்பி. படம் வரலன்னு பதட்டத்துல கண்டதையும் தட்டிட்டேன்."

"கட் ஆனதுக்கு அப்புறந்தானக்கா தட்டுனீக?"

செல்வமணி கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பினார்.

"நான்தான் அமுக்குனேன்."

தவுபிக் மெதுவாக ஹாலுக்கு நகரப் பார்த்தான். "நீ இருப்பா," என்றார் செல்வமணி. "ஒயரப் பத்தின பேச்சுதான்."

அவர் தன் கைகளைப் பார்த்தபடியே பேசினார். தீயில் வெந்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"அன்னிக்கு மழ. நாலு மணிக்கே இருட்டிருச்சு. லோடு ஏத்த லாரி வந்து நிக்குது. சன்னலுக்கு வெளியே இருந்த பல்பு பீஸ் போச்சு. வேற பல்பு மாட்ட ஆளு வரணும். எக்ஸ்டன்சன் ஒயர உள்ள இழுத்துக்கோ, முடிச்சிருவோம்னு போர்மேன் சொன்னாரு. நான் இழுத்தேன். பொன்மணி எந்திரிச்சு நின்னு, 'அண்ணே, உள்ள ஒயரா, வேண்டாம்ணே'ன்னுச்சு. அரை மணி நேரந்தான் தாயி, உக்காருன்னேன். உக்காந்துச்சு."



இந்த இரண்டு வருஷமும் அந்தக் கைகளுக்கு மருந்து போட்டுத் துணி சுற்றியவள் ஜாஸ்பின். ஒரு நாளும் அன்று என்ன நடந்தது என்று அவள் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தாள். நாம் கேட்காதது இவருக்கும் வசதியாகப் போய்விட்டதே என்று இப்போது நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது.

"இதச் சொன்னா ஒங்க மேலயும் கேஸு வரும்ல?" என்றாள்.

"வரும்."

"அதுக்குப் பயந்தா அமுக்குனீக?"

"அதுக்கும்தான்," என்றார். "உள்ள ஒயர் இருந்துச்சா, யாரு இழுத்தான்னு அடுத்து கேப்பாகன்னு தோணுச்சு. கை தானா போயிருச்சு. திங்கக்கிழமையும் போகும் ஜாஸ்பின். எனக்கு என்னப் பத்தித் தெரியும்."

ஜாஸ்பின் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒயரே தேவையில்லை, அப்படியே விட்டுவிடலாம். பேசுவதும் பேசாததும் அவர் பாடு. வீட்டுக்குள் போலீஸ் வராது. வள்ளித்தாயிடம், "அவருக்கு ஞாபகமே வரலம்மா," என்று சொல்லிவிடலாம். அவள் மனம் அவ்வளவு தூரமும் போய்விட்டுத்தான் திரும்பியது.

"தம்பி," என்றாள் தவுபிக்கிடம், "ஒயர் போட்டா அந்த ஏரோப்ளேன் பட்டன் என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. அது வைஃபைக்குத்தான். ஒயர புடுங்குனாத்தான் கட் ஆகும்."

தவுபிக் பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகிக் காட்டினான். டிக் என்று உட்கார்ந்தது. நுனியில் ஒரு குட்டி கிளிப். பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைக் கிள்ளிப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வரும்.

செல்வமணி கையை நீட்டினார். மடங்கிய விரல்களால் அதை நெம்பினார், உரசினார், இழுத்தார். லேப்டாப்தான் நகர்ந்ததே தவிர ஒயர் வரவில்லை. அந்தக் கைகளால் ஒரு பட்டனைத் தட்ட முடியும். கிள்ள முடியாது.

"போடு தம்பி," என்றார். "கதவு நெலைக்கு மேல வேண்டாம். கீழ போடு, செங்கல் நல்லா இருக்கும்."

லேப்டாப் மூடியைச் சாத்தினாலும் கட் ஆகிவிடும் என்பது ஜாஸ்பினுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

டிரில்லிங் மெஷின் ஓடிய பத்து நிமிஷமும் செல்வமணி அறையை விட்டு நகரவில்லை. செங்கல் தூசி பறந்தது. சுவரில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக நீல ஒயர் தலையை நீட்டியபோது அவருக்கு உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. ஜாஸ்பின் துண்டால் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பதினொன்றுக்கு அவள் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்றாள். உள்ளே பேர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், எத்தனை வருஷ வேலை என்று கேட்டார்கள். செல்வமணி சொல்லிக்கொண்டே வந்தார். பதினொன்றேகால் ஆனது, தாண்டியது.

"விபத்து நடந்த அன்று அந்த அறைக்குள் மின்சார ஒயர் ஏதாவது இருந்ததா?" என்றது அதிகாரியின் குரல்.



அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். டக். அந்தப் பட்டனைத் தட்டுகிற சத்தம். மறுபடியும் டக். இன்னொரு தடவை.

ஜாஸ்பினின் கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. உள்ளே போகக்கூடாது. மூடியைச் சாத்துகிற சத்தத்துக்காக அவள் காது காத்துக்கொண்டிருந்தது. கர்த்தரே, கர்த்தரே என்று உதடு மட்டும் அசைந்தது.

"செல்வமணி, நான் பேசுவது கேட்கிறதா?"

"கேக்குதுய்யா," என்றார் செல்வமணி. "ஒயரு இருந்துச்சு. நான்தான் உள்ள இழுத்தேன். போர்மேன் சொல்லி இழுத்தேன். பொன்மணி வேண்டாம்னு சொல்லுச்சு."

"பொன்மணியிடம் செல்போன் இருந்ததா?"

"இல்லய்யா. நாலு பிள்ளைக போனையும் காலையில நான்தான் வாங்கி, வாசல் கேட்டுல நிக்கிற வாட்ச்மேன்கிட்ட குடுத்தேன். பொன்மணி போனும் அதுல இருந்துச்சு."

அந்தப் பக்கம் யாரோ தாளைத் திருப்பினார்கள். "முதலிலிருந்து சொல்லுங்கள். மெதுவாக. எழுதிக்கொள்ள வேண்டும்."

செல்வமணி முதலிலிருந்து ஆரம்பித்தார்.