நாலு பிரபுக்களும் ஒரு ஹென்றியும்

எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு ராஜா நாடகம் போடலாம் என்று சொன்னது நான்தான். பல்லவ ராஜா, சோழ ராஜா என்று எடுத்தால் அவர் எந்தச் சாதி என்பதற்கே ஒரு பஞ்சாயத்து நடக்கும். இங்கிலாந்து ராஜா என்றால் வம்பில்லை என்று நினைத்தேன். வம்பு கப்பலேறியும் வரும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் சுகாசினி, மூன்றாம் வருடம் வரலாறு. பாடத்தில் வரும் பழைய ஹென்றிகளை எல்லாம் ஒன்றாகப் பிசைந்து ஒரே ஹென்றியாக்கினேன். பேருக்குத்தான் அவன் ராஜா. ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை என்று வைத்துக்கொண்டு நாலு பிரபுக்கள் அவனை ஆட்டிவைக்கிறார்கள். கடைசியில் ராஜா அவர்களை அடக்கவேண்டும். இதுதான் கதை.

ராஜா வேஷம் சத்யராஜுக்கு. மைக் இல்லாமலே அவன் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். பிரபுக்களாக மாணிக்கவேலும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும். மாணிக்கவேலின் அப்பா ராஜகோபாலுக்குத் தென்னேரிப் பக்கம் நிலம், பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. பிரபுக்களுக்கு நாலு பட்டு அங்கிகளை அவர்தான் தைத்துக் கொடுத்தார். சத்யராஜின் அப்பா பரசுராமன் அந்த ராஜகோபாலுக்குக் கார் ஓட்டுகிறார். இதெல்லாம் தெரிந்துதான் வேஷம் கொடுத்தேன். குரலைப் பார்த்துக் கொடுத்தேன், தெருவைப் பார்த்து இல்லை.

அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிரபு தொப்பியைக் கழற்றி, ராஜா முன்னால் மண்டியிட்டு, கூப்பிய கைகளை ராஜாவின் இரண்டு கைகளுக்குள் வைத்து, "நான் உங்கள் ஆள்" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் நிலம். எழுதும்போது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது.

பிரபுக்கள் ஒத்திகைக்கு வந்ததே அபூர்வம். வந்தாலும் இந்தக் காட்சி வரும்போது ஒருவனுக்கு போன் வரும், ஒருவனுக்கு முட்டி வலிக்கும். அவர்களுக்குப் பதிலாக, ஈட்டி பிடித்து நிற்கும் வீரர்கள் நாலு பேரை நிறுத்தித்தான் ஒத்திகையை ஓட்டினேன். அதில் ஜோசுவாவுக்கு, மாணிக்கவேல் பேசவேண்டிய வடநாட்டுப் பிரபுவின் வசனம் மொத்தமும் மனப்பாடம். அவனுக்கென்று நாடகத்தில் ஒரே ஒரு வசனம்தான், "உத்தரவு அரசே".

விழா அன்று காலையில் மாணிக்கவேல் என்னிடம் வந்து, அந்தக் காட்சியை வெட்டு, இல்லையென்றால் ராஜாவை மாற்று என்றான். முடியாது என்றேன். ஊரில் பெரியவங்க எல்லாம் வருவாங்க, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிற்க முடியுமா என்று கேட்டான். நாடகம்தானே என்றேன். நாடகம்தான், அதனால் வெட்டு என்றான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நாடகம்தான், அதனால் மண்டியிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் மேடைக்குப் பின்னால் பரசுராமன் வந்து நின்றார். முதலாளி கூப்பிட்டுப் பேசியிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. மகன் தலையில் இருந்த அட்டைக் கிரீடத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேணாம்பா. வேற யாருக்கனா குடுத்துடு. பத்து வருசமா அவுரு வண்டியதான் ஓட்டிக்கினு இருக்கிறேன்."

"நான் அவுங்கள ஒண்ணும் கேக்கலபா," என்றான் சத்யராஜ். "கதையில இருக்கிறத செய்யட்டும். நானும் கதையில இருக்கிறததான் செய்றேன்."

பரசுராமன் திரும்பிப் போய்விட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்படியும் நான் ராஜாவை மாற்றவில்லை.

திரை விலகியது. முன்வரிசையில் ராஜகோபால், பக்கத்தில் அவர் சொந்தக்காரர்கள். அரங்கத்தின் கடைசியில் காலி நாற்காலிகள் கிடந்தும் பரசுராமன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சத்யராஜ் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, வடநாட்டுப் பிரபு வரட்டும் என்றான்.

மாணிக்கவேல் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. மண்டியிடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். மற்ற மூன்று பேரும் பின்னால் வந்து அதே மாதிரி நின்றார்கள். இது முன்கூட்டியே பேசிவைத்தது. நான் பக்கத்திரைக்குள் நின்று, நாடகம் குட்டிச்சுவர் என்று பல்லைக் கடித்தேன்.

சத்யராஜ் எழுந்திருக்கவில்லை. நான் எழுதாத ஒரு வசனத்தைப் பேசினான்.

"பிரபுவே, உன் நிலத்தை உனக்குக் கொடுத்தது யார்?"

வசனமே படிக்காதவன் என்ன சொல்வான்? "எங்க தாத்தா," என்றான் மாணிக்கவேல், கொஞ்சமும் யோசிக்காமல்.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. இங்கிலாந்துப் பிரபு சட்டென்று தென்னேரிக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

சிரிப்பு அடங்கும்வரை ராஜா பொறுத்திருந்தான். "அப்படியென்றால் அதை உழுதது யார்?"

பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. அப்புறம் இன்னொன்று. மாணிக்கவேலுக்கு முகம் சிவந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அங்கியை உருவி மேடையில் வீசிவிட்டு இறங்கிப் போனான். கூட்டாளிகளும் வீசிவிட்டு அவன் பின்னாலேயே போனார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அங்கியை விட்டுப்போனால் பட்டமும் அதோடு போய்விடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

சத்யராஜ் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து அங்கியை எடுத்துத் தூசு தட்டினான். "மண்டியிடாதவனுக்கு மண் இல்லை," என்றான். பிறகு ஈட்டி வீரனைக் கூப்பிட்டான்.

ஜோசுவா ஈட்டியைக் கீழே வைத்து, மண்டியிட்டு, கூப்பிய கைகளை நீட்டினான். அந்த இரண்டு கைகளையும் சத்யராஜ் தன் கைகளுக்குள் வாங்கிக்கொண்டான். பிறகு நான் எழுதாத இன்னொன்றையும் செய்தான். ஜோசுவாவைத் தூக்கி நிறுத்தி, பட்டங்கியை அவன் தோளில் போட்டான். மற்ற மூன்று வீரர்களுக்கும் அப்படியே. பக்கத்திரைக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல்.

அதற்கப்புறம் நாடகத்துக்குப் பிரபுக்கள் தேவைப்படவில்லை. பிரபுக்களின் வசனம் தெரிந்தவர்கள் மேடையில் இருந்தார்கள். புதிய பிரபுக்கள் சதி செய்தார்கள், ராஜாவைக் கோபுரத்தில் அடைத்தார்கள், கடைசியில் தோற்றார்கள். ஜோசுவா செத்த அழகுக்குத் தனியாகக் கைதட்டல்.

முடிந்ததும் நான் வெளியே ஓடினேன். கார் அருகில் ராஜகோபால் நின்றிருந்தார். பரசுராமன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ராஜகோபால் ஏறவில்லை. இப்பவே போய் உன் பையனைக் கூட்டி வந்து என் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்கச் சொல்லு, இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். மாணிக்கவேல் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பரசுராமன் அரங்க வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சத்யராஜ் கிரீடத்தோடு யாரோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவர் அந்தக் கிரீடத்தை நன்றாகவே பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் காரின் மேல் வைத்தார்.

"அவன் ராஜாங்க," என்றார். "ராஜாவாண்ட போயி நான் இன்னாங்க சொல்றது?"