விட்டுப் பிடி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் உள்ளே வந்து உட்காருங்கள். ஒரு கதை சொல்கிறேன். இனிக்கிற கதை இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் உரிய கதை.

ஒரு நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். வீடு வீடாய்ப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுப்பாள். குழாயைத் திறந்து மூன்று நிமிடம் ஓட விட்டு, கிருமி சாக அதன் வாயில் தீயைக் காட்டி, அப்புறம்தான் பாட்டிலை நீட்டுவாள். 'விட்டுப் பிடி' என்பது அந்த வேலையின் முதல் பாடம். கையில் கடிகாரத்தோடு நிற்பதால் அவளுக்குப் பேரே மூணு நிமிஷம். கட்டிக்கொள்ள வந்தவனையும் மூன்று நிமிடம் பேச விட்டுத்தான் பதில் சொன்னாளாம் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

அவள் தங்கை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். தங்கை மகளுக்கு மூன்று வயது. அந்தப் பிள்ளை அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. முகம் வெளுத்தது. கிளிபோலப் பேசிய வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின. தண்ணீர்தான் காரணம் என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். பதினொரு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, குழாயைச் சோதித்து மாற்றும்படி மனுவும் கொடுத்தார்.

அலுவலகம் மூணு நிமிஷத்தையே அனுப்பியது. ஓட விட்டாள், பிடித்தாள். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. மனுவை மூடிவிட்டார்கள். என் கையால் பிடித்தது, தைரியமாய்க் கொடு என்று தங்கையிடம் சொன்னாள். தங்கைக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. மாடிப்படியில் தையல்காரரை மறித்தாள்.

"நீங்க ஊசியில நூலைக் கோத்துக்கிட்டிருங்கண்ணே. தண்ணியை எங்கக்கா பார்த்துக்குவா."

இரண்டு மாதம் போனது. சோதனைக்கூடத்துக்குப் புதிதாய் வந்த பெண் பழைய தாள்களைப் புரட்டியவள், அந்தக் கட்டடத்தில் ஓட விட்டா பிடித்தீர்கள் என்று கேட்டாள். வேறெப்படிப் பிடிப்பார்களாம் என்றாள் இவள்.

"கிருமி பார்க்கிறதுக்கு அது சரிக்கா. ஆனா ஓட விட்டா தெருக் குழாய்த் தண்ணிதானே வரும்? ராத்திரி பூரா வீட்டுக் குழாய்க்குள்ள நின்ன தண்ணியை இல்ல அவங்க காலையில குடிக்கிறாங்க. பழைய கட்டடம், காரீயக் குழாயா இருந்தா? அந்த நஞ்சு தண்ணியில ஊறியிருக்குமே."

மறுநாள் விடிந்ததும் தங்கை குழாயைத் திறக்குமுன் இவளே போய், முதல் தண்ணீரைப் பிடித்துவந்தாள். அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பத்து மடங்கு காரீயம். சோதனை முடிவுத் தாளை அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார்.

"இதை ஒத்துக்கிட்டா, இருபது வருஷமா நீ பிடிச்ச தண்ணியெல்லாம் சந்தேகம்னு ஆயிடும். எல்லாத்துலயும் உன் கையெழுத்து. யோசிச்சுக்கோ."

தாள் மேசை இழுப்பறைக்குள் போனது. அவளும் திரும்பக் கேட்கவில்லை.

அன்று மாலை மாடியேறினாள். தையல்காரர் கதவைத் தாண்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். தங்கச்சி வீடு தப்பினால் போதும் என்றது மனசு. ஆனால் தைரியமாய்க் கொடு என்ற அதே வாயால் தங்கையிடம் காரணத்தைச் சொல்ல வரவில்லை. இனி காலையில் மூன்று நிமிடம் விட்டுப் பிடி என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று தங்கை கேட்டதற்கு, துரு வரும் என்று மழுப்பினாள். அரைச் சொல் சொன்னாள் பாருங்கள், கண்ணுகளா, அது முழுப் பொய்யைவிடக் கொடியது.

நாலு மாதம் கழித்துப் பிள்ளைக்கு வலிப்பு கண்டது. இரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் காரீயம் என்றார். மூணு நிமிஷம் ஓடிவந்தாள். விட்டுப் பிடிக்கச் சொன்னேனே என்று தங்கையை உலுக்கினாள்.

"விட்டுதான்க்கா பிடிக்கிறேன். எங்களுக்கெல்லாம் அப்புறமா பிடிக்கிற தண்ணிதான். விட்டதை மட்டும் சாக்கடையில கொட்ட மனசு வருமா? அதை வாளியில பிடிச்சு, துருவை வடிகட்டி, நல்லா சுண்டக் காய்ச்சி பாப்பாவுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சின தண்ணிதானே நல்லது?"

காய்ச்சினால் கிருமி சாகும், காரீயம் சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது செறியும். வீட்டில் எல்லாரும் தப்பிக்க, அந்த வீட்டுக் குழாயின் நஞ்சையெல்லாம் நாலு மாதமாய் அந்தப் பிஞ்சு ஒன்றே குடித்திருக்கிறது.

இப்போது முழுவதும் சொன்னாள். இழுப்பறையில் கிடக்கும் தாளைப் பற்றியும் சொன்னாள்.

தங்கை அழவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அது பெரியம்மாவைப் பார்த்தது. கூப்பிட அதற்கு வாயில் சொல் இல்லை. தங்கை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, எங்கக்கா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னும் பத்து வீடு இருக்கு, நான் கூடவே வரேன். ஒரு வார்த்தை விடாம சொல்லுவா."

மூணு நிமிஷம் வாய் திறந்தாள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசி உங்களைத் தொல்லை பண்ணட்டும். உங்கள் குவளையில் நல்ல தண்ணீர் நிறையட்டும். காரணத்தை மறைக்காமல் சொல்கிற மனிதர்களே உங்கள் வாசலேறி வரட்டும்.