லிப்ட்காரரின் இடது காது

ஆறாவது மாடிப் பல் மருத்துவர் மூன்றாவது முறையாக அதையே சொன்னபோது லிப்ட்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"லிப்ட் கீச்கீச்சுன்னு கத்துதுங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

"இருபது வருஷமா இதே வேலைதாங்க. கத்தினா எனக்குக் கேக்காதா?"

வெளியே காட்டிக்கொள்ள மாட்டாரே தவிர, தம் காதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மோட்டாரின் முனகலை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். லிப்டுகளைப் பழுதுபார்க்கும் அவருடைய கம்பெனியில் அவருக்கு 'ஸ்டெதஸ்கோப்' என்று பட்டப்பெயர்.

பல் மருத்துவர் வாதாடவில்லை. அவரை லிப்டுக்குள் கூட்டிப்போய், பக்கச் சுவரைக் காட்டினார். "இங்க கையை வைங்க."

வைத்தார். நான்காவது மாடியைத் தாண்டும்போது உள்ளங்கையில் கிடுகிடுவென்று ஓர் அதிர்வு. கைக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை. வலது காதில் விழுந்ததெல்லாம் லிப்ட் மின்விசிறியின் இரைச்சல்தான்.

கீழே வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தார். 'இயங்காது' பலகையை மாட்டினார். போனை எடுத்து இரண்டு முறை எண்ணை அழுத்தி, இரண்டு முறையும் துண்டித்தார். பிறகு கம்பெனியைக் கூப்பிட்டு, "வேற ஆளை அனுப்புங்க. எனக்குக் காது சரியில்ல" என்றார். வந்த மெக்கானிக், லிப்டை ஒருமுறை ஓட்டி, உருளை ஒன்று தேய்ந்து வழிகாட்டிக் கம்பியில் உரசுவதைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து மாற்றினார். நம்மவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

உண்மையில் மூன்று மாதமாகவே இடது காது அடைத்த மாதிரி இருந்தது. அவருடைய அப்பாவுக்கும் நடுவயதிலேயே காது போயிற்று. நமக்கும் வந்துவிட்டது என்று நினைத்து, யாரிடமும் மூச்சு விடாமல், தினமும் குளித்ததும் பட்ஸை விட்டுக் குடைந்தார். பட்ஸ் எட்டவில்லை என்று மனைவியின் ஹேர்பின்னைக்கூட எடுத்திருக்கிறார்.

அன்று எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டிவிட்டார்.

"அதனாலதான் கூப்பிட்டா திரும்பறதில்லையா? நான் என்மேல கோபம்னுல்ல நினைச்சேன்!" என்றவள், அவர் பதில் சொல்வதற்குள் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். அவருடைய தங்கை ஒரு காது டாக்டரிடம் செவித்திறன் சோதிக்கும் வேலையில் இருந்தாள்.

மறுநாள் டாக்டர் முதலில் நல்ல காதுக்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டார். எதிரே திரையில் வெளிச்சமான ஒரு குகை விரிந்தது. அதன் கோடியில், சிப்பியின் உட்புறம் போல மினுங்கிக்கொண்டு, மெல்லிய ஒரு திரை. அதற்குப் பின்னால் நிழலாட்டமாக ஒரு சிறிய எலும்பு.

"யாரு காது இது?" என்றார் லிப்ட்காரர்.

"உன் காதுதாண்ணா. அதுதான் ஜவ்வு. இப்ப நான் பேசறது அதுலதான் வந்து தட்டுது."

நாற்பத்தாறு வயதுவரை தமக்குள்ளேயே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவர் திரையையே பார்த்தார்.

இடது காதுக்குள் குகையே இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சுவர். நடுவில் இரண்டு பஞ்சு இழைகள்.

"சுத்தம் பண்றேன்னு குறும்பியை உள்ள தள்ளித் தள்ளிக் கெட்டிச்சுவரே கட்டியிருக்க," என்றாள் தங்கை. "பின்னு கொஞ்சம் வழுக்கியிருந்தா ஜவ்வு கிழிஞ்சிருக்கும்."

"குறும்பி அழுக்கு இல்லீங்க," என்றார் டாக்டர். "தூசி உள்ள போகாம அது தடுக்குது. காதுக்குள்ள இருக்கற தோல் ஜவ்வுலேர்ந்து வாசல் பக்கமா நகர்ந்துக்கிட்டே இருக்கும். நகம் வளர்ற வேகம்னு வெச்சுக்குங்களேன். பழைய குறும்பியையும் ஏத்திக்கிட்டு வந்து வெளிய விட்டுடும்."

"மோட்டார் இல்லாமலா?"

"மோட்டாரும் கிடையாது, மெக்கானிக்கும் வேண்டாம்."

தங்கை சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட லீவு போடாமல் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் குறுக்கே ஹேர்பின்னை விட்டோமே என்று கூசிப்போனார்.

வலி உண்டா, சீழ் வடிந்ததா, எப்போதாவது ஜவ்வில் ஓட்டை விழுந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே எண்ணெய்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார். "அஞ்சு நாள் வீட்டுலயே விடுங்க. வலிச்சா நிறுத்திட்டு உடனே வாங்க. பட்ஸ் பக்கமே போகக் கூடாது."

அன்றிலிருந்து காலையும் மாலையும் மனைவி அந்தச் சின்னப் பாட்டிலை உள்ளங்கையில் பொத்தி, குளிர்ச்சி போகும்வரை வைத்திருப்பாள். அவர் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பார். மூன்று சொட்டு. பத்து நிமிடம் அசையக் கூடாது. எண்ணெய் இறங்கும்போது எங்கோ கிணற்றின் அடியில் குமிழி உடைவது போலிருக்கும்.

"ஏதாச்சும் கேக்குதா?"

"இல்ல."

மூன்று நாளும் அதே பதில். நான்காம் நாள் அவர் கை தானாகப் பட்ஸ் டப்பாவைத் தேடியது. டப்பா குப்பைக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை முகம் கழுவித் துடைக்கும்போது, காது மடலுக்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. துண்டின் நுனியால் வெளியே துடைத்தார். பழுப்பாக, மொச்சைக்கொட்டை அளவு.

அடுத்த நொடி, உலகம் அவர்மேல் வந்து விழுந்தது.

குழாய்த் தண்ணீர் அப்படி இரைந்தது! நிறுத்தினார். கடைசிச் சொட்டு விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது. துண்டு தாடியில் உரசியது கேட்டது. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளைப் புரட்டுவதுகூடக் கேட்டது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

மதியம் டாக்டர் பார்த்தார். இந்தப் பக்கத்துக் குகையிலும் சிப்பி மினுங்கியது. தங்கை சோதித்தாள். இரண்டு காதும் சமம்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மனைவி ஜன்னலோரம் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. வாயைத் திறக்காமல், மூக்குக்குள்ளேயே ஏதோ மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். எங்கும் கேட்டிராத மெட்டு. இஸ்திரிப்பெட்டி போகும்போது நீண்டது, திரும்பும்போது இறங்கியது.

"என்ன பாட்டு அது?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு. எப்பலேர்ந்து பாடற?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. நீங்கதான் கவனிச்சதில்ல. பாட்டெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா வாய்க்கு வந்தது." அவள் முகம் சிவந்துபோயிற்று.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த சட்டையை எடு" என்றார்.