ஜன்னல் பொம்மையின் கையில் சாவிக்கொத்து

கண் விழித்தபோது சித்தப்பாவின் துணிக்கடைத் தரையில் கிடந்தாள் குருவி. தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கைக்குள் ஒரு சாவிக்கொத்து. தண்ணீர் சித்தியின் உபயம், சாவி சித்தப்பாவின் உபயம். கடை டெய்லர் மட்டும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மடித்த துணியைத் தலைக்கடியில் கொடுத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியா, சாவி குடுத்ததும் வலிப்பு நின்னுடுச்சு!" என்றார் சித்தப்பா பெருமையாக.

"அது தானா நிக்கிற நேரம், முதலாளி. ஸ்டாப்புல தானா நிக்கிற பஸ்ஸை நான்தான் கைகாட்டி நிறுத்தினேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

சித்தப்பா அவனை முறைத்துவிட்டு, குருவியிடம் குரலைத் தாழ்த்தினார். "நாளையிலேர்ந்து நீ மாடி குடோன்ல இரும்மா. கஸ்டமருங்க பயப்படறாங்க. ஒட்டிக்கும்னு வேற பேசிக்கறாங்க."

கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்தி நிறுத்துவது குருவியின் வேலை. அவளுக்கு அதுதான் உயிர். ஆனாலும் அவள் அழவில்லை.

"சரி சித்தப்பா. கடைசியா ஒரே ஒரு ஜன்னல் போட்டுட்டுப் போயிடறேன்."

அவள் இவ்வளவு சமர்த்தாகப் பேசினால் விஷயம் இருக்கிறது என்று சித்திக்குத் தெரியும். சித்தப்பாவுக்குத் தெரியாது. இளகிப்போனதில் சாவியை வாங்கவும் மறந்துபோனார்.

மறுநாள் ஸ்கூட்டர் சாவி இல்லாமல் அவர் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தபோது, கடை வாசலில் ஒரே சிரிப்பு. ஜன்னலுக்குள் ஒரு பொம்மை தரையில் படுத்திருந்தது. கட்டம்போட்ட சட்டையும் திணித்த தொப்பையுமாக ஒரு பொம்மை அதன் கையில் சாவிக்கொத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி போட்ட பொம்மை வாளியைக் கவிழ்த்தது. இன்னொன்று கரண்டியோடு வாயைக் குறிவைத்தது. கழுத்தில் அளவுநாடா தொங்கிய பொம்மை மட்டும் தலைக்கடியில் துணி வைத்துக்கொண்டிருந்தது.

மேலே ஒரு பலகை: 'வலிப்பு ஒட்டாது. இவர்களில் உண்மையிலேயே உதவுகிறவர் யார்? சரியாகச் சொன்னால் பரிசு, இந்த ஜன்னலைப் போட்டவளோடு ஒரு கைகுலுக்கல்!'

உள்ளே வரிசை நீண்டிருந்தது.

"சார், அந்தத் தொப்பைக்காரர் நீங்கதானே?" என்றார் ஒருவர்.

சித்தப்பா குருவியிடம் பாய்ந்தார். "மானத்தை வாங்கறியே! அந்த அளவுநாடாவை எடுத்து என் பொம்மை கழுத்துல மாட்டு!"

"மாட்டறேன். யாராவது விளக்கம் கேட்டா என்ன சொல்வீங்க?"

டெய்லர் எத்தனையோ முறை சொன்னதை அவர் பல்லைக் கடித்தபடி ஒப்பித்தார். "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தலைக்கடியில மெத்துனு ஏதாவது. அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில எதுவும் வைக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

"சாவி?"

"சாவி... ஸ்கூட்டருக்கு."

"அப்ப நான் குடோனுக்கா?"

அவர் வரிசையைப் பார்த்தார். "அங்க எதுக்கு? ஒரே புழுக்கம்."

"முதல்ல என் பொம்மைகிட்டேருந்து வாளியைப் பிடுங்கு. அப்பறம் உறவு கொண்டாடலாம்!" என்று கல்லாவிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

வரிசையின் கடைசி ஆளாக டெய்லர் வந்து நின்றான்.

"உங்களுக்குத்தான் விடை தெரியுமே," என்றாள் குருவி.

"விடைக்கு யாரு வந்தா? பரிசுக்கு வந்தேன்."

கை கொடுத்தான். கொடுத்த கையை இருவருமே விடுவதாக இல்லை.

சித்தி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "டெய்லர் தம்பி, வாட்ச்சைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா நான் ஆம்புலன்ஸ் கூப்பிடுவேன்."