தட்டிக்கு அந்தப் பக்கம்

நாவலப்பிட்டி ஸ்டேஷனில் விசில் ஊதும்போதெல்லாம் வீரம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். ஏழெட்டு வருஷம் ஓடிப்போயிற்று. இன்னும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்போது அவளும் புருஷன் ராஜலிங்கமும் கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் துரைமார் கப்பலேறி வந்து, இங்கத்தைய துரைமாரோடு கோப்பைக்குப் பந்தடிக்கப் போகிறார்களாம். அதற்கு மைதானம் வேண்டுமே! தோட்டத்துச் சனம் குடியிருந்த லயத்துக்கு எதிரே இருந்த மேட்டை வெட்டிச் சமமாக்கியது யார்? கொழுந்து நிறுத்துப் போட்டபிறகு, கூலி என்ற பேச்சே இல்லாமல், இவர்கள்தான். பக்கத்து வீட்டு மூக்காயியின் காலில் கல் உருண்டு விழுந்தது. தோட்டத்துத் துரை ஒரு போத்தல் எண்ணெய் அனுப்பி வைத்தார், புண்ணியவான்.

ஆட்டம் நெருங்கியபோது இங்கத்தைய துரைமாரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. அவருக்குப் பதிலாக, வெறுங்காலோடு பறக்கும் ராஜலிங்கத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். வீரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் ஆட்டத்தை அவள் பார்த்ததேயில்லை. அவன் பந்தடிக்கும் நேரம் அவளுக்கு அடுப்படி நேரம். இந்த ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

முதல்நாள் செல்லப்பா கங்காணி வந்து நின்றார்.

"மானாப்புல்லு வெட்டியாந்து லயத்துக்கு முன்னால தட்டி கட்டுங்க. வந்திருக்கிற தொரைமாரு கண்ணுல லயம் படக்கூடாதாம். நாளைக்கு ஒருத்தரும் தல காட்டக்கூடாது."

"எங்க வீட்டுக்காரரு ஆடுறாருங்க, கங்காணி."

"அவன் ஆடட்டும். ஒன்னைய யாரு பாக்கச் சொன்னா?"

தங்களை மறைக்கிற தட்டியைத் தாங்களே கட்டினார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். இந்தப் பக்கம் வீரம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். திடீரென்று பந்து தட்டிக்கு மேலாகப் பறந்து வந்து, அவள் வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கங்காணி ஓடி வந்தார். "குடுடி பந்த!"

"தட்டியப் பிரிங்க. குடுக்கிறேன்."

கங்காணி கையை ஓங்குவதற்குள், மலாயாத் துரை ஒருவர் பந்தைத் தேடித் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். புகை படிந்த ஒற்றை அறைக் காம்பராக்களையும், அடைபட்டுக் கிடந்த சனத்தையும் கண்டு மனுஷன் அப்படியே நின்றார். பின்னாலேயே வந்த தோட்டத்துத் துரையின் முகம் சிவந்துபோயிற்று. விருந்தாளிக்கு முன்னால் என்ன செய்வார்? தட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

அடேயப்பா, அன்றைக்கு வீரம்மா போட்ட கூச்சல்! பெண்சாதியைக் கண்ட ராஜலிங்கத்துக்கோ கால் ஓடவில்லை. இரண்டு தரம் வழுக்கி விழுந்தான். காலுக்கு வந்த பந்தையும் கோட்டை விட்டான். அவன் பக்கம் படுதோல்வி.

விடிந்ததும் தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து இருவர் பேரையும் வெட்டிவிட்டார்கள். சட்டிபானையோடு நாவலப்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். ராஜலிங்கம் இப்போது ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு.

"ஒரு கோலாவது போட்டிருக்கணும் புள்ள," என்பான், தோளைத் தடவிக்கொண்டே. "இருந்த எடத்தையே வுட்டுட்டுப் பாத்த ஆட்டம். அதப் போயி தோத்துத் தொலைச்சேன்."

வீரம்மா சிரிப்பாள்.

"செயிச்சாதான் நம்ம பாக்கலாமுன்னு எவன் சொன்னான்? நீங்க வுழுந்ததையும் நாந்தானே பாக்கணும்."